தோட்டப் பாடசாலையில் முதல் வருடம்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் புதிதாக நியமனம் பெற்று வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்வியியற் கல்லூரி முடித்தவர், பட்டதாரி, வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர், பக்கத்துத் தோட்டத்திலேயே பிறந்தவர் என்று யாராக இருந்தாலும் தடுமாறும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். வந்த வாரமே மேலதிக வகுப்பு தொடங்குவார்கள். பத்துப் பேர் வருவார்கள், பிறகு நான்கு பேர், பிறகு யாருமில்லை. "இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை" என்று ஆசிரியர் அறையில் பேச்சு ஆரம்பித்துவிடும்.

அக்கறை இருக்கிறது. வரிசைதான் தப்புகிறது. பிள்ளை முதலில் வகுப்புக்கு வந்து சேர வேண்டும், அப்புறம் பசியும் ஈரமும் தீர வேண்டும், அப்புறம்தான் பாடம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

1. பாடம் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த அட்டைக் கொப்பி. நல்ல பிடிப்புள்ள சப்பாத்து, குடை. மழைக்காலத்தில் கொஞ்சம் உப்பும் ஒரு துண்டு சவர்க்காரமும்: புல்லுப் பாதையில் இறங்குமுன் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டால் அட்டை அவ்வளவாக ஏறாது.

பாடசாலையிலிருந்து மூன்று விடயங்களைக் கேட்டு வாங்குங்கள்: சேர்விடாப்பை (பிள்ளைகளைச் சேர்த்த பதிவேட்டை) பார்க்க அனுமதி, சென்ற வருட வரவு இடாப்பு, பிள்ளைகள் எந்தெந்த டிவிஷனிலிருந்து (தோட்டப் பிரிவிலிருந்து) வருகிறார்கள் என்ற பட்டியல். பட்டியல் இல்லாவிட்டால் நீங்களே தயாரியுங்கள்.

லயங்களுக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு) போவதென்றால் அதிபரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். தோட்ட அலுவலகத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நல்லது. தோட்டப் பாதையில் புதிய முகம் தெரிந்தால் அன்று மாலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். யார், எதற்கு வந்தார் என்பது சரியாகத் தெரியட்டும்.

2. பிள்ளை வரும் பாதையில் ஒருமுறை நடங்கள்

பாடசாலை விட்டதும் பிள்ளைகளோடு சேர்ந்து நடந்து போங்கள். ஒவ்வொரு நாளும் ஒரு டிவிஷன். எங்கே ஓடை குறுக்கிடுகிறது, எங்கே நாய்த் தொல்லை, எந்த இடத்தில் பஸ் நிற்காமல் போகிறது என்பதைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

வராமல் போவது பெரும்பாலும் தனிப்பட்ட பிள்ளையின் பழக்கம் அல்ல, பாதையின் பழக்கம். மேல் டிவிஷனிலிருந்து வரும் ஏழு பேரும் ஒரே நாளில் வரவில்லை என்றால் ஏழு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்திருக்காது. ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கும்.

மழை எல்லா இடத்திலும் ஒரே மாதத்தில் வருவதில்லை. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை போட்டு அடிக்கும். பதுளை, பசறை, லுணுகலை பக்கம் வருடக் கடைசியில்தான் பெருமழை. உங்கள் பாடசாலை எந்தச் சரிவில் இருக்கிறதோ, அதற்கேற்ப முக்கியமான அலகுகளை மழை குறைந்த மாதங்களுக்கு நகர்த்தி வையுங்கள்.

எந்தப் பிள்ளை எந்த லயத்தில் எத்தனையாம் காம்பராவில் (அறையில்) இருக்கிறது என்பதையும் இந்த நடையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அப்படியொரு நாளில் யார் பாடசாலையில் இருக்கிறார், யார் வீட்டில் இருக்கிறார் என்று சொல்லக்கூடியது உங்கள் வரவு இடாப்புதான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று மட்டமாக அறிவிக்கிறது. உங்கள் பிரதேசத்துக்கு எச்சரிக்கை வந்தால் எந்த டிவிஷன் பிள்ளைகளை எந்நேரம், யாருடன் அனுப்புவது என்பதை அதிபரோடு முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

3. வரவு இடாப்பை வாசிக்கப் பழகுங்கள்

பெரும்பாலானோர் மாதக் கடைசியில் வீதம் கணக்கிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள். வீதத்தைவிட எந்த நாள் என்பதுதான் முக்கியம். ஒரு தவணைக்கான பக்கங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் கோலம் தெரியும். மாசி மாதம் இரவில் காமன் கூத்து நடக்கும் நாட்களில் காலை வகுப்பு தூங்கி வழியும். கோயில் திருவிழா வாரம் பாதி வகுப்பு காலி. கொழுந்து அதிகமாக வரும் காலத்தில் தாய் விடியற்காலையே மலைக்குப் போய்விடுவார். தம்பிக்குச் சுகமில்லை என்றால் அக்காதான் வீட்டில் நிற்பாள்.

திருவிழாவோடு மோதாதீர்கள். அந்த வாரம் தவணைப் பரீட்சையோ புதிய பாடமோ வைக்காமல் மீட்டல் வையுங்கள். அக்காமாரின் விடயம் வேறு. ஒரே பெண்பிள்ளை மாதத்தில் பலமுறை இப்படி நின்றால், சின்னப் பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்தின் குழந்தை பராமரிப்பு நிலையத்தில்) விட முடியுமா என்று தாயிடமும் மடுவப் பொறுப்பாளரிடமும் பேசுங்கள். நான் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இப்படித் தீர்ந்தன.

பொதுவான தவறு: மறுநாள் வந்த பிள்ளையை எழுப்பி நிறுத்தி "ஏன் நேற்று வரவில்லை?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்பது. கிடைக்கும் பதில் "காய்ச்சல் சேர்" மட்டும்தான். உண்மைக் காரணம் சப்பாத்து காயவில்லை என்பதாக இருக்கும். அதை நாற்பது பேர் முன்னால் எந்தப் பிள்ளையும் சொல்லாது. இடைவேளையில் தனியாகக் கேளுங்கள்.

4. பத்திரங்களைத் தரம் 1இலேயே பாருங்கள், தரம் 10 தொடக்கத்தில் மறுபடி பாருங்கள்

இதை எழுத்தர் வேலை என்று தள்ளிவிடாதீர்கள். படித்த பிள்ளை பரீட்சை மண்டப வாசலில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

முதலில் பிறப்புச் சான்றிதழ். சில பிள்ளைகளுக்கு இருக்காது. பிறந்து 3 மாதத்துக்குள் பதியாவிட்டால் காலங்கடந்த பதிவாகத்தான் செய்ய வேண்டும். பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவுக்குப் போக வேண்டும். கிளினிக் கொப்பி, ஆஸ்பத்திரிச் சீட்டு என்று பிறப்பைக் காட்டும் எதையும் வீசிவிட வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். பிரதேச செயலகம் போய் வந்தால் ஒரு நாள்பேர் (ஒரு நாள் சம்பளம்) போய்விடும். ஆகவே என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்பதை முன்னரே விசாரித்து, ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒரு பத்திரம் குறைந்ததால் திரும்பி வந்தவர் இரண்டாம் முறை போகமாட்டார்.

அடுத்தது பெயர். சான்றிதழ் சிங்களத்தில் நிரப்பப்பட்டிருக்கும், தமிழ்ப் பெயர் வேறு ஒலியில் விழுந்திருக்கும். தகப்பன் பெயர் ஒரு இடத்தில் முழுதாகவும் இன்னொரு இடத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சேர்விடாப்பில் எழுதியிருப்பார்கள். சான்றிதழையும் சேர்விடாப்பையும் அருகருகே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் உடனே அதிபருக்குத் தெரியப்படுத்துங்கள். தரம் 1இல் திருத்தினால் ஒரு பத்திரத்தோடு முடியும். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த பிறகு என்றால் அதையும் அடையாள அட்டையையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.

தேசிய அடையாள அட்டைக்கு 15 வயது நிறைந்ததும் விண்ணப்பிக்கலாம். மாணவர்களுக்கு அதிபர் ஊடாகப் போகும். தரம் 10 தொடக்கத்திலேயே பட்டியல் எடுங்கள், பரீட்சை விண்ணப்பக் காலம் வரை விட்டுவைக்க வேண்டாம்.

கடைசியாக முகவரி. லயத்துக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் எல்லாக் கடிதமும் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கே ஒரு மேசையில் கிடந்து, யாரோ எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்து கையில் கிடைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த விண்ணப்பத்திலும் லயம், காம்பரா, டிவிஷன், தோட்டம், தபாலகம் என்று முழுவதும் எழுதச் சொல்லுங்கள். முக்கியமான விண்ணப்பமாக இருந்தால், கடிதம் ஒழுங்காக வந்து சேரும் உறவினர் ஒருவரின் முகவரியைத் தொடர்புக்குக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். தொலைபேசி இலக்கம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். ஒன்று எப்போதும் "காசு போடவில்லை" என்ற நிலையில்தான் இருக்கும்.

5. பசியும் ஈரமும்

தாய் காலையில் ரொட்டி சுட்டு வைத்துவிட்டுத்தான் போவார். ஆனால் அவசரத்தில் வெறும் தேத்தண்ணீரோடு ஓடி வரும் பிள்ளைகள் கணிசம். உங்கள் பாடசாலையில் அரசின் உணவுத் திட்டம் நடந்தால், சாப்பாடு எந்நேரம் வருகிறது என்பதைப் பார்த்து நேரசூசியை அதற்கேற்ப அமையுங்கள். சாப்பாட்டுக்கு முன் பாட்டு, வாய்மொழி, வாசிப்பு. கணிதத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்தால் தெளிவாகப் போகும்.

மழை நாளில் முதல் பத்து நிமிடம் காலுறையைக் கழற்றிப் பிழிந்து தொங்கவிட அனுமதியுங்கள். சீருடை ஒழுங்கைப் பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. ஈரச் சப்பாத்தோடு நடுங்கிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நீங்கள் எழுதும் எதுவும் தலையில் ஏறாது.

6. பிள்ளையின் பேச்சிலிருந்து புத்தகத் தமிழுக்கு

பாடநூல் தமிழ் இவர்கள் வீட்டில் பேசும் தமிழ் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்த ஆசிரியரின் பேச்சும் முதல் சில வாரம் பிள்ளைகளுக்குப் பிடிபடாது. வெட்கத்தில் தலையாட்டுவார்கள். அதை விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தரம் 1 முதல் 3 வரை நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் பிள்ளை சொல்லட்டும். "எங்கம்மா கொழுந்தெடுக்கப் போயிருச்சு" என்றால் அதை அப்படியே பலகையில் எழுதுங்கள். பிள்ளை தன் வாயால் சொன்னதை எழுத்தில் பார்த்து வாசிக்கட்டும். இரண்டு மூன்று நாள் இதையே செய்யுங்கள். பிறகு அதற்குக் கீழே "எங்கள் அம்மா கொழுந்து பறிக்கச் சென்றார்" என்று எழுதி இரண்டையும் வாசிக்க வையுங்கள். மேல் வரியை அழிக்க வேண்டாம். சொன்னதைத்தான் எழுதுகிறோம் என்பது பிடிபட்ட பிள்ளை வாசிப்பில் வேகமாக நகரும். எடுத்த எடுப்பில் "அப்படிச் சொல்லக்கூடாது, இப்படிச் சொல்" என்று திருத்தினால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாயைத் திறக்க அடுத்த தவணை வரை ஆகும்.

கதை தேடிப் புத்தகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பொன்னர் சங்கர் கூத்தை விடிய விடியப் பார்த்த தாத்தா ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை அழைத்துப் பாருங்கள்.

7. ஒரே அறையில் மூன்று தரங்கள்

வகை 3 பாடசாலைகளில், அதாவது மேல்வகுப்பு இல்லாத சிறிய பாடசாலைகளில், இது சாதாரணம். தரம் 3, 4, 5 மூன்றையும் ஒருவரே பார்க்க வேண்டியிருக்கும். புதியவர்கள் நேரத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொரு தரத்துக்கும் தனி வகுப்பு எடுப்பார்கள். உண்மையில் நடப்பது என்னவென்றால், புலமைப்பரிசில் பரீட்சை இருப்பதால் தரம் 5 முக்கால்வாசி நேரத்தை விழுங்கும். தரம் 3 பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். இரண்டு வருடத்தில் அதே தரம் 3தான் வாசிக்கத் தெரியாத தரம் 5ஆக உங்கள் முன் உட்காரும்.

முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்து ஒரு பக்கம் வாசிக்கக் கேளுங்கள். தரம் எதுவாக இருந்தாலும் சரி, எழுத்து தெரியாதவர், சொல் வாசிப்பவர், வரி வாசிப்பவர் என்று பிரியுங்கள். மொழிப் பாடத்துக்கு இந்தக் குழுக்கள்தான் உட்காரும். கணிதத்துக்கு வேறு குழு. நாள் முழுவதும் ஒரே குழுவில் வைத்தால் "மக்குப் பெஞ்சு" என்று பெயர் விழுந்துவிடும்.

நாள் ஓட்டம் இப்படி இருக்கட்டும்: தொடக்கத்தில் மூன்று தரத்துக்கும் பொதுவாக ஒரு விடயம். அதன்பின் ஒரு குழுவுக்கு நீங்கள், மற்ற இரண்டுக்கும் தானே செய்யும் வேலை. இருபது நிமிடத்தில் இடம் மாறுங்கள். தானே செய்யும் வேலையை முதல்நாள் மாலையே தயாரித்து வைக்க வேண்டும். காலையில் யோசித்தால் அது எப்போதும் "பார்த்து எழுது" ஆகிவிடும்.

பொதுவான விடயத்துக்குத் தோட்டமே போதும். கொழுந்து மடுவத்தில் நிறுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தரம் 3 கிலோக்களைக் கூட்டட்டும். தரம் 4 சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து மீதியைக் காணட்டும். தரம் 5க்குச் சம்பளத் துண்டு. நாட்சம்பளம் 1,350 ரூபா, 20 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 27,000. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் 2,160 போனால் மீதி 24,840. வீதம் என்றாலே விழித்த பிள்ளைகள் இதில் என்னைத் திருத்தியிருக்கிறார்கள். ஒன்று மட்டும் கவனம்: துண்டை நீங்களே கற்பனையாகத் தயாரியுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லாதீர்கள். யார் வீட்டில் எவ்வளவு கடன் வெட்டு என்பது வகுப்புக்குத் தெரியக்கூடாது.

8. பெற்றோரைச் சந்திக்கும் இடமும் நேரமும்

கிழமை நாளில் காலை பத்து மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்துவிட்டு "யாருமே வரவில்லை" என்று சொல்வதில் அர்த்தமில்லை. வந்தால் அரைப்பேர்தான் (அரை நாள் சம்பளம்தான்) விழும். மாலை நாலரை மணிக்குப் பிள்ளை மடுவத்து வாசலில் நின்று பாருங்கள். கொழுந்து நிறுத்துவிட்டுச் சின்னப் பிள்ளையைத் தூக்க வரும் தாய்மார்கள் அத்தனை பேரும் அங்கே கிடைப்பார்கள். ஐந்து நிமிடம் போதும்.

வீட்டுக்குப் போனால் இஸ்தோப்பிலேயே (முன் விறாந்தையிலேயே) உட்கார்ந்து பேசுங்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்குள் ஒரு குடும்பம் முழுக்க இருக்கும் நேரத்தில் உள்ளே அழைக்க அவர்களுக்குச் சங்கடம். கொப்பியைக் கையோடு கொண்டுபோய்ப் பிள்ளை சரியாகச் செய்த ஒரு பக்கத்தை முதலில் காட்டுங்கள். பாடசாலையிலிருந்து ஆள் வந்தால் முறைப்பாடு அல்லது காசு என்றே பழகிப்போயிருக்கிறார்கள். முதல் சந்திப்பில் இரண்டும் வேண்டாம். காசு சேர்க்க வேண்டிய விடயம் இருந்தால் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம் போட்ட பிறகு கேளுங்கள்.

தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போயிருந்தால் பொறுப்பு அம்மாயியிடமோ அப்பாயியிடமோ இருக்கும். கையெழுத்து அவர்களிடம், முடிவு அங்கிருந்து வரும் தொலைபேசியில். இருவரோடும் பேசுங்கள்.

இன்னொன்று. ஒரு தோட்டத்தில் பல தொழிற்சங்கங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர். ஒருவரை மட்டும் பாடசாலை வேலைக்குக் கூப்பிட்டால் மற்றச் சங்கத்து வீடுகள் தள்ளி நிற்கும். கூப்பிட்டால் எல்லாரையும் கூப்பிடுங்கள், இல்லையேல் யாரும் வேண்டாம்.

9. இப்போது மாலை வகுப்பு தொடங்கலாம்

வகுப்பைப் பாடசாலையில் வைக்காமல் டிவிஷனிலேயே வையுங்கள். கோயில் மண்டபம், வாசிகசாலை, எது கிடைத்தாலும் சரி. இருட்டில் மலைப்பாதையில் திரும்பி நடக்க வேண்டியிருந்தால் பெண்பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள், அனுப்பவும் கூடாது. உயர்தரம் படிக்கும் அக்கா அண்ணன்மார் நடத்தட்டும். நீங்கள் வாரம் ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

10. தரம் 5 முடிவும் தரம் 9 முடிவும்

பிள்ளைகள் கைநழுவுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

தரம் 5ஓடு முடியும் பாடசாலையில் புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளிக்கு மேல் வந்தவர்களைப் பற்றியே எல்லாரும் பேசுவார்கள். மற்றவர்கள் ஜனவரியில் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாம் தவணை தொடங்கும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த பாடசாலை எது, எந்த பஸ், யாரோடு போகும் என்று எழுதுங்கள். அந்தப் பாடசாலைக்கு ஒருநாள் எல்லாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். பெரிய பாடசாலை வாசலைப் பார்த்தே பயந்து நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. விடுகைப் பத்திரம் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. சேர்த்துவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். பஸ்ஸில் போகிறவர்களுக்கு இலங்கைப் போக்குவரத்துச் சபையின் மாணவர் பருவச்சீட்டை எடுக்க உதவுங்கள்.

தரம் 9, 10 பையன்கள் விடயத்தில் தீபாவளியைக் குறித்து வையுங்கள். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் அண்ணன்மார் புது உடுப்பும் புதுத் தொலைபேசியுமாக வருவார்கள். திரும்பிப் போகும்போது இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். தீபாவளி முடிந்த பிறகு போய் அழைத்தால் பயனில்லை, முன்கூட்டியே பேச வேண்டும். "படி, படி" என்பதைவிட வழியைக் காட்டுங்கள். உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழி, கணிதம் உட்பட 6 பாடச் சித்தி, அதில் 3 திறமைச் சித்தி வேண்டும். அது வராவிட்டாலும் 13 வருட உத்தரவாதக் கல்வியில் தொழிற்பிரிவு இருக்கிறது. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு கடை வேலையைவிட நல்ல இடத்துக்குப் போகலாம். எந்தப் பாடசாலையில் அந்தப் பிரிவு நடக்கிறது என்பதை வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, பெயரோடும் பஸ் இலக்கத்தோடும் சொல்லுங்கள். கட்டாயக் கல்வி வயது 16 வரை என்பதையும் பெற்றோரிடம் சொல்லலாம், ஆனால் மிரட்டலாக அல்ல. தகப்பனுக்கு வேலை போய்க் குடும்பம் தடுமாறுவதுதான் காரணமென்றால் சட்டம் சொல்லிப் பயனில்லை. பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் கொண்டுபோங்கள்.

11. இடமாற்றம் வந்தால்

புதியவர்கள் பெரும்பாலும் சில வருடத்தில் மாறிப் போகிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சேகரித்த விவரங்களையும் கூடவே கொண்டுபோய்விடுகிறார்கள். அடுத்தவர் பாதையிலிருந்தே தொடங்குகிறார். போகுமுன் டிவிஷன் பட்டியல், வாசிப்புக் குழுக்கள், பத்திரம் நிலுவையில் உள்ள பிள்ளைகள், தரம் 5இலிருந்து போனவர்கள் சேர்ந்த பாடசாலைகள் என்று நான்கு தாள் தெளிவாக எழுதி அதிபரிடம் ஒப்படையுங்கள். குடும்பச் சண்டை, கடன், குடி போன்று நம்பிச் சொன்னவை அந்தத் தாளில் வரக்கூடாது. அடையாள அட்டை விண்ணப்பம் பாதியில் நிற்கும் பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் நேரில் போய், இனி யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.